பிளேடு கத்தியா, சவரக் கத்தியா: முதன்முதலாகக் கையில் எடுப்பவருக்கு

அக்கா மகன் போன மாதம் வீட்டுக்கு வந்தபோது மோவாயில் இரண்டு இடத்தில் பிளாஸ்திரி. சலூனில் இருப்பதுபோல பிளேடு மாட்டும் கத்தி ஒன்றை ஆன்லைனில் வாங்கியிருக்கிறான். ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு அன்றைக்கே முகம் முழுக்க மழித்துவிட்டான். "மாமா, பிளேடு போடுறதே இப்படிக் கிழிக்குதுன்னா, நீங்க வெச்சிருக்கிற பழைய கத்தி கழுத்தையே எடுத்துடும் போலிருக்கே" என்றான்.

புதிதாக இந்தப் பக்கம் வருகிற நிறையப் பேருக்கு இந்த எண்ணம்தான். பிளேடு கத்தியில் பழகிவிட்டு, கை தேர்ந்த பிறகுதான் தீட்டிப் பயன்படுத்தும் சவரக் கத்திக்குப் போக வேண்டும் என்று நினைக்கிறார்கள். நான் நாலு வருடம் பிளேடு கத்தியில் மழித்துவிட்டு அதற்கப்புறம்தான் சவரக் கத்திக்கு மாறினேன். இரண்டையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தோலின் மேல் கடுமையானது பிளேடு கத்திதான். சின்னத் தப்புக்கும் ரத்தம் பார்த்துவிடும். நன்றாகத் தீட்டிய சவரக் கத்தி நம் கையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். அதன் கஷ்டமெல்லாம் முகத்தில் இல்லை, கூரை இழுத்துச் சரிசெய்யும் தோல் வாரிலும் தீட்டுக்கல்லிலும் இருக்கிறது. எதை வாங்குவது என்று யோசிப்பவர், எந்தக் கஷ்டத்தைத் தன்னால் தினமும் சுமக்க முடியும் என்று பார்த்து முடிவெடுத்தால் போதும்.

இரண்டும் எதில் வேறு

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். சவரக் கத்தி என்று நான் சொல்வது அலகும் கூரும் ஒரே எஃகுத் துண்டாக இருப்பதை. மழுங்கினால் தீட்டித்தான் ஆக வேண்டும். பிளேடு கத்தி என்பதும் அதே மடக்குக் கத்தி உருவம்தான், ஆனால் அலகு இருக்க வேண்டிய இடத்தில் பிளேடைக் கவ்விக்கொள்ளும் தகடு இருக்கும். ஆன்லைன் கடைகளில் இதை ஷேவெட் என்று போட்டிருப்பார்கள். ஜெர்மனியில் சோலிங்கன் நகரத்து டோவோ கம்பெனி தன் கத்திக்கு வைத்த பெயர் அது. இப்போது எந்தக் கம்பெனிக் கத்திக்கும் அதுவே பெயராகிவிட்டது.

நம் ஊரில் பிளேடு கத்திக்குள் போவது சாதாரண இருபக்க பிளேடின் பாதி. அந்த வகை பிளேடு, ஜில்லெட் 1903-இல் விற்கத் தொடங்கிய ரேசருக்காகப் பிறந்தது. முதல் வருடம் விற்றது வெறும் 51 ரேசர், 168 பிளேடு. பிளேடின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர், அதாவது தாள் மாதிரி. ரேசருக்குள் வைத்து மூடியைத் திருகும்போது அந்தத் தாள் வளைந்து விறைத்துக்கொள்ளும். கூருக்குக் கீழே ஒரு தடுப்பு தோலைச் சமப்படுத்திக் கொடுக்கும். அந்தத் தடுப்பு இருக்கும் என்ற நம்பிக்கையில் செய்த பிளேடை நாம் பாதியாக உடைத்து, தடுப்பே இல்லாத தகட்டில் மாட்டி, நேராகக் கன்னத்தில் வைக்கிறோம். உடைத்த பிளேடின் இரண்டு மூலையும் ஊசிபோலக் கூராக இருக்கும். கத்தியும் எடையே இல்லாமல் இருக்கும். எடை இல்லாததால் கை தானாகவே அழுத்தத் தொடங்கும். என் மருமகனின் மோவாயில் இருந்த இரண்டு வெட்டும் இப்படி விழுந்தவைதான்: ஒன்று மூலை குத்தியது, இன்னொன்று அழுத்தியது.

சவரக் கத்தியை எடுத்துப் பாருங்கள். அலகு 7 சென்டிமீட்டருக்குக் கிட்ட இருக்கும். முதுகு நாலைந்து மில்லிமீட்டர் தடிமன். அங்கிருந்து இரண்டு பக்கமும் குழிவாகக் கடைந்திருப்பார்கள், கூரை நெருங்க நெருங்க எஃகு மெலிந்துகொண்டே வரும். முனையை உருட்டியிருப்பார்கள். கத்தியின் எடையே முடியை வெட்டிவிடும், கை வழி காட்டினால் போதும். அதோடு அந்தக் குழிவு அலகு சத்தம் கொடுக்கும். சாய்வு சரியாக இருந்தால் சரசரவென்று ஒரே சீராகக் கேட்கும். கொஞ்சம் நிமிர்த்திவிட்டால் வறட்டெனச் சுரண்டுகிற ஓசை வரும். கண்ணாடியில் தெரியாத தப்பைக் காது பிடித்துவிடும். பிளேடு கத்தி இந்த அளவுக்குப் பேசாது. வெட்டு விழுந்த பிறகுதான் தெரியும்.

யாருக்கு எது

வாரத்துக்கு இரண்டு நாள் மழிப்பவர், அடிக்கடி ஊர் மாறுகிறவர், ஒரு பொருளைத் துடைத்து எண்ணெய் போட்டு வைக்கப் பொறுமை இல்லாதவர் பிளேடு கத்தியை எடுத்துக்கொள்ளலாம். எப்போது எடுத்தாலும் புதுக் கூர், தீட்டும் வேலையே கிடையாது. தினமும் பத்து நிமிடம் கூடுதலாக ஒதுக்க முடியும், கையால் செய்யும் வேலையில் பிடிப்பு உண்டு என்றால் சவரக் கத்தி. தோல் சீக்கிரம் எரிகிறவர்களுக்கும் நான் சவரக் கத்தியைத்தான் சொல்வேன். நன்றாகத் தீட்டினால் அதன் கூர் தோலில் மெத்தென்று போகும்.

பணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சவரக் கத்தி வாங்கச் சொன்னால் நம்ப வேண்டாம். பாதி பிளேடில் இரண்டு முறை மழிக்கலாம். வாரத்துக்கு நாலு முறை மழித்தாலும் ஒரு பிளேடுதான் ஆகும், வருடத்துக்கு 52. ஒன்று மூன்று ரூபாய் என்றே வைத்தாலும் 156 ரூபாய். நல்ல ஜெர்மன் அல்லது பிரெஞ்சு சவரக் கத்தி புதிதாக வாங்கினால் பத்தாயிரத்தைத் தாண்டும். வார், கல் தனி. அந்தக் கணக்கு எந்தக் காலத்திலும் நேராகாது. சவரக் கத்தி வாங்குவதற்கு ஒரே காரணம், அதில் மழிப்பது உங்களுக்குப் பிடித்திருக்க வேண்டும்.

இன்னொருவருக்கு மழிக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் யோசிக்கவே வேண்டாம், பிளேடு கத்திதான். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதலில் தெரியவந்தது 1986-இல், நம் சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் குழுவினரும் கண்டறிந்தார்கள். அதன்பின் எய்ட்ஸ் பற்றிய விழிப்புணர்வு பரவப் பரவத்தான் நம் சலூன்களில் தோல் வாரும் தீட்டுக்கல்லும் மறைந்து, ஆளுக்கொரு புது பிளேடு வழக்கமானது. ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே காய்ந்த ரத்தத்தில்கூட 7 நாள் உயிரோடு இருக்கும். சவரக் கத்தியைச் சோப்பால் கழுவிவிட்டால் அது போய்விடாது. வாரில் ஒரு முறை இழுத்தால் வாரிலும் ஒட்டும். ஆகவே சவரக் கத்தி ஒரே ஆளின் சொத்து. அப்பாவுக்கும் மகனுக்கும் பொதுவாக இருக்கக் கூடாது, அண்ணன் தம்பிக்கும் கூடாது.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டையும் தொட வேண்டாம். முகத்தில் சீழ்ப்பரு இருக்கும்போதும் சில நாள் பொறுத்திருப்பது நல்லது.

வாங்கும்போது

பிளேடு கத்தியில் பார்க்க வேண்டியது கவ்வும் தகடு. பிளேடை மாட்டியதும் இரு முனையிலும் அசைவே இருக்கக் கூடாது. கூர் முழு நீளத்துக்கும் ஒரே அளவு வெளியே தெரிய வேண்டும். ஒரு பக்கம் அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கத்தியைத் திருப்பிக் கொடுங்கள். பிளேடின் மூலைகளைத் தகடு மூடிக்கொள்ளும் வகை கிடைத்தால் புதியவருக்கு அதுதான் நல்லது. பிளாஸ்டிக் பிடியை விடக் கனமான ஸ்டீல் பிடி மேல். ஜப்பானின் ஃபெதர் கம்பெனி ஆர்ட்டிஸ்ட் கிளப் என்ற வரிசையில் தனி பிளேடு செய்கிறது. இருபக்க பிளேடை விட இரண்டு மடங்குக்கு மேல் தடிமன், தோலில் அமைதியாகப் போகும். அதிலேயே புரோகார்ட் என்று கூருக்குத் தடுப்பு வைத்த பிளேடும் உண்டு. விலை கூடுதல்தான், நம் ஊர் பாதி பிளேடு அந்தக் கத்தியில் சேராது. ஆனாலும் பயந்த கைக்கு அது பெரிய துணை.

சவரக் கத்தியில் அளவை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்காகச் சொல்வார்கள். 5/8 என்றால் அலகின் அகலம் சுமார் 16 மில்லிமீட்டர், 6/8 என்றால் 19. முதல் கத்திக்கு இந்த இரண்டில் ஒன்று, உருண்டை முனை. சதுர முனை பார்க்க அழகு, காது மடலைப் பதம் பார்த்துவிடும். அச்சாணி மாதிரி முக்கியமான கேள்வி ஒன்றை விற்பவரிடம் கேளுங்கள்: "தீட்டி, முகத்தில் வைக்கத் தயாராக அனுப்புகிறீர்களா?" பல கத்திகள் தொழிற்சாலையிலிருந்து அந்தக் கடைசிக் கூர் இல்லாமல்தான் வருகின்றன. தயாராக இல்லாத கத்தியில் பழகத் தொடங்கியவர், தன் கை சரியில்லை என்று நினைத்துப் பாதியில் விட்டுவிடுகிறார். எனக்கே இது நடந்தது. ஆன்லைனில் ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு கத்தி வாங்கி மூன்று வாரம் போராடினேன். அதன் எஃகு மெத்து. எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் முடியைப் பிடித்து இழுத்தது, கழுத்து முழுக்கத் தடித்துப்போனது. சவரக் கத்தி போன்ற உருவம் மட்டும் உள்ள இரும்பு அது.

தாத்தா பெட்டியில் பழைய கத்தி இருந்தால் அதிர்ஷ்டம். அலகின் அடியில் சோலிங்கன் என்றோ, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு என்றோ முத்திரை தெரிகிறதா பாருங்கள். மேலே படிந்த துரு பரவாயில்லை, தேய்த்து எடுத்துவிடலாம். கூரின் ஓரத்தில் துரு குழி பறித்திருந்தாலோ விரிசல் இருந்தாலோ அதை ஞாபகப் பொருளாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள். தெருவில் வருகிற சாணை பிடிப்பவரிடம் கொடுக்காதீர்கள். அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் அவர் கை பொன்னான கை. ஆனால் சுழலும் சாணைச் சக்கரத்தின் சூட்டில் சவரக் கத்தியின் மெல்லிய கூர் பதம் இழந்துவிடும். ஒரு நிமிடத்தில் நூறு வருடக் கத்தி போய்விடும்.

முகத்தைத் தயார் செய்வது

இந்தப் பகுதி இரண்டு கத்திக்கும் பொது. குளித்து முடித்ததும் மழியுங்கள். முடியாவிட்டால் வெந்நீரில் நனைத்த துண்டை முகத்தில் மூன்று நிமிடம் வைத்திருங்கள். தாடி முடி தண்ணீரை உறிஞ்சி மெத்தென்று ஆக அவ்வளவு நேரமாவது வேண்டும். சோப்பையோ க்ரீமையோ பிரஷால் முகத்திலேயே குழைக்கலாம். நுரை கட்டித் தயிர் மாதிரி இருக்க வேண்டும், குமிழிகள் தெரிந்தால் தண்ணீர் அதிகம் என்று பொருள். டப்பாவை அழுத்தினால் வரும் நுரை பார்க்கப் பொங்கும், ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடும். திறந்த கூருக்கு அது ஆகாது.

மழிக்கும் முன் விரல் நுனியால் முகம் முழுக்கத் தடவி முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். கன்னத்தில் கீழ்நோக்கித்தான் இருக்கும். கழுத்தில் ஆளுக்கு ஆள் மாறும். எனக்கு வலப்பக்கக் கழுத்தில் காதை நோக்கிப் படுத்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வரை அந்த இடம் வருடக்கணக்கில் சிவந்துகொண்டே இருந்தது.

பிளேடு மாட்டுவது

பிளேடை மெழுகுத்தாள் உறையிலிருந்து எடுக்காதீர்கள். உறையோடு சேர்த்து இரண்டு கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிளேடின் குறுகிய ஓரங்களைப் பிடிக்கட்டும். நீளவாக்கில் நடுவே மடித்தால் 'டிக்' என்று இரண்டாகும். சலூனில் பார்த்திருப்பீர்கள். ஒரு பாதியை உறையிலேயே வைத்துவிட்டு மற்றப் பாதியை அதே குறுகிய ஓரங்களில் பிடித்து எடுத்து, தகட்டுக்குள் நுழைத்துப் பூட்டுங்கள். பூட்டிய பின் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி, கூர் தகட்டுக்கு இணையாக நிற்கிறதா என்று பாருங்கள். அரை மில்லிமீட்டர் சாய்ந்திருந்தாலும் கழற்றி மறுபடி மாட்டுங்கள். இந்தப் பத்து வினாடிக்குச் சோம்பல் பட்ட நாள்களில்தான் எனக்கு வெட்டு விழுந்திருக்கிறது.

பிடியும் சாய்வும்

கத்தியை விரித்து, அலகையும் பிடியையும் இணைக்கும் கழுத்துப் பகுதியின் மேல் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் வையுங்கள். கட்டைவிரல் அடியில். பின்னால் வளைந்து நிற்கும் வாலில் சுண்டுவிரல். முட்டையைப் பிடிப்பதுபோல லேசாக. இறுக்கிப் பிடித்தால் அந்த இறுக்கம் கன்னத்துக்கும் போகும்.

அலகைக் கன்னத்தில் முழுக்கப் படுக்க வையுங்கள். இப்போது முதுகை மட்டும் மெல்லத் தூக்குங்கள். முதுகின் தடிமன் எவ்வளவோ அதைப்போல ஒன்றரை, இரண்டு மடங்கு இடைவெளி வந்தால் நிறுத்துங்கள். அதுதான் ஏறக்குறைய 30 டிகிரி. பிளேடு கத்திக்கு இன்னும் கொஞ்சம் படுக்க வைத்தே தொடங்கலாம். நிமிர நிமிர வெட்டு, படுக்கப் படுக்க முடி இழுக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் முகத்துக்கான இடத்தைத் தேடிக்கொள்ள வேண்டும்.

மற்றக் கைதான் பாதி வேலையைச் செய்கிறது. கத்தி போகும் திசைக்கு எதிர்ப் பக்கமாகத் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். கன்னத்தை மழிக்கும்போது கிருதாவுக்கு மேலே விரல் வைத்து மேல்நோக்கி இழுங்கள். சோப்பில் விரல் வழுக்கினால் ஈரப் படிகாரக் கல்லை விரல் நுனியில் தேய்த்துக்கொள்ளுங்கள், பிடி கிடைக்கும். இழுத்த தோலில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குக் குட்டிக் குட்டியாக இழுத்தால் போதும். கத்தி எப்போதும் கூருக்குக் குறுக்கே மட்டும் நகர வேண்டும். கூரின் நீளவாக்கில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் வாழைத்தண்டு நறுக்குவதுபோல அறுத்துவிடும்.

கத்தி கை நழுவினால் விழட்டும். பிடிக்கப் போகாதீர்கள். இதை முதல் நாளே மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

முதல் நான்கு வாரம்

முதல் வாரம் இரண்டு கன்னம் மட்டும். கிருதாவுக்குக் கீழிருந்து தாடை எலும்புக்கு ஒரு விரல் மேலே வரை, முடி வளரும் திசையில் ஒரே ஒரு முறை. மீதி முகத்தை வழக்கமான ரேசரால் முடித்துவிடுங்கள். வலக்கைக்காரர் இடக் கன்னத்தை மழிக்கும்போது கை கண்ணாடியை மறைக்கும், பதற வேண்டாம். விரும்பினால் அந்தப் பக்கத்துக்கு இடக்கையைப் பழக்கலாம். நான் பழக்கவில்லை, வலக்கையைத் தாடைக்குக் கீழே வளைத்துக் கொண்டுபோகிறேன்.

இரண்டாம் வாரம் கழுத்தின் இரு பக்கம். தலையை எதிர்த்தோள் பக்கம் திருப்பினால் தோல் தானாகவே இறுகும். தொண்டை முடிச்சின் மேல் நேராகப் போகாதீர்கள். எச்சிலை விழுங்கினால் முடிச்சு மேலே ஏறும், அல்லது தோலைப் பக்கவாட்டில் இழுத்து முடிச்சிலிருந்து நகர்த்திவிட்டு மழிக்கலாம்.

மூன்றாம் வாரம் தாடை எலும்பு. வளைவில் கத்தியைத் திருப்புவதை விட, வளைவில் உள்ள தோலைக் கன்னத்துக்கு இழுத்துச் சமதளமாக்குவது சுலபம். கடைசியாக மேலுதடும் மோவாயும். மோவாயில் முடி தடிப்பு, அடியில் எலும்பு, சுற்றிலும் வளைவு. கீழுதட்டைப் பல்லின் மேல் இழுத்து மடித்துக்கொண்டு கத்தியின் நடுப்பகுதியால் அரை சென்டிமீட்டர் வீதம் போங்கள். பிளேடு கத்தியாக இருந்தால் இங்கே மூலை எங்கிருக்கிறது என்பதிலேயே கண் இருக்கட்டும்.

எதிர்த் திசையில் மழிப்பது இரண்டு மாதத்துக்குப் பிறகு. சுருள் முடிக்காரர்கள் அதை விட்டுவிடுவதே நல்லது. மிகவும் ஒட்ட வெட்டிய சுருள் முடி தோலுக்குள்ளேயே திரும்பி வளர்ந்து கட்டியாகிவிடும். முதல் முறையோடு நிறுத்தினால் மாலையில் கொஞ்சம் சொரசொரப்பு இருக்கும். அது ஒரு குறையே இல்லை.

முடிந்ததும் குளிர்ந்த நீரில் கழுவிவிட்டு ஈரமான படிகாரக் கல்லை முகம் முழுக்கத் தேய்த்துப் பாருங்கள். சின்னக் கீறல்களில் ரத்தத்தை நிறுத்தும். அதை விட முக்கியம், எங்கே சுள்ளென்று எரிகிறதோ அங்கே இன்று அழுத்திவிட்டீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம். நான் இன்றைக்கும் அந்த எரிச்சலை வைத்துத்தான் மறுநாள் கையைத் திருத்திக்கொள்கிறேன்.

தோல் வார்

இங்கிருந்து சவரக் கத்திக்காரருக்கு மட்டும். ஒவ்வொரு முறை மழித்த பிறகும் கூரின் ஓரம், கண்ணுக்குத் தெரியாத அளவில், அங்கங்கே மடங்கியிருக்கும். அதை நிமிர்த்துவதுதான் வாரின் வேலை. வாரின் ஒரு முனையைக் கொக்கியில் மாட்டி, மறுமுனையைத் தொய்வில்லாமல் இழுத்துப் பிடியுங்கள். கத்தியைப் படுக்க வைத்து, முதுகும் கூரும் இரண்டுமே தோலைத் தொட, முதுகு முன்னே போக, கூர் பின்னே வர இழுங்கள். முனைக்கு வந்ததும் முதுகின் மேல் உருட்டித் திருப்ப வேண்டும், முதுகு தோலை விட்டு எழவே கூடாது. கூரின் மேல் உருட்டினால் வாரும் கிழியும், கூரும் போகும். துணி வாரில் 20 முறை, தோல் வாரில் 40, 50 முறை. போய் வருவது ஒரு முறை.

தொடக்கத்தில் வேகம் வேண்டாம். சலூனில் சின்ன வயதில் பட்பட்டென்று இழுப்பதைப் பார்த்திருக்கிறோம் என்று அதைப் போலச் செய்யப்போய்த்தான் பலர் முதல் வாரைக் கிழிக்கிறார்கள். அதனால் முதல் வார் மலிவானதாக இருக்கட்டும். மழுங்கிய வெண்ணெய்க் கத்தியை வைத்து அந்தத் திருப்பலை நாலு நாள் பழகிவிட்டு, பிறகு கத்தியை எடுங்கள். சரியாக இழுக்கும்போது தோல் கத்தியை லேசாகப் பற்றி விடுவதை விரலில் உணரலாம்.

தீட்டுக்கல்

தினமும் வாரில் இழுத்தாலும் சில மாதங்களில் கத்தி முடியை இழுக்கத் தொடங்கும். அப்போது கல். முதல் ஒரு வருடம் தெரிந்தவரிடம் கொடுத்துத் தீட்டிக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கருத்து. நல்ல கூர் எப்படி இருக்கும் என்று முகத்துக்குத் தெரியாமல் கல்லில் உட்காருவது வீண் வேலை.

ஆனாலும் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம், சவரக் கத்தியின் அழகே அதில் இருக்கிறது. சமையல் கத்தியைத் தீட்டும்போது சாய்வை நம் கைதான் காக்க வேண்டும். சவரக் கத்தியில் முதுகே அதைக் காத்துக்கொள்கிறது. முதுகையும் கூரையும் சேர்த்துக் கல்லில் படுக்க வைத்தால், முதுகின் தடிமனும் அலகின் அகலமும் சேர்ந்து சாய்வை முடிவு செய்துவிடும். 16 மில்லிமீட்டர் அலகுக்கு முதுகு நாலரை மில்லிமீட்டர் என்றால் இரு பக்கமும் சேர்ந்து சுமார் 16 டிகிரி. தீட்டத் தீட்ட முதுகும் சேர்ந்தே தேய்வதால் அந்தச் சாய்வு பெரிதாக மாறுவதில்லை. கல்லின் சொரசொரப்பைச் சொல்லும் எண் 1000-இல் தொடங்கி 4000, 8000, 12000 என்று போகும், எண் ஏற ஏறக் கல் நைசாகும். கூர் பிடித்த கத்திக்குப் பெரும்பாலும் கடைசி இரண்டு கல்லே போதும். கூரை முன்னே விட்டுத் தள்ள வேண்டும், வாரில் இழுப்பதற்கு நேர் எதிர்.

மழித்து முடித்ததும் கத்தியை நுரை போகக் கழுவி, முதுகுப் பக்கமிருந்து கூரை நோக்கித் துடையுங்கள். கத்தியின் கூர் தண்ணீர்க் குழாயில் இடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு 'டங்' சத்தத்தில் அலகில் சில்லு பெயர்ந்துவிடும். கார்பன் எஃகு ஈரத்தில் ஒரே இரவில் துருப்பிடிக்கும், கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். குளியலறையில் வைக்காமல் படுக்கையறை அலமாரியில் வையுங்கள். நாலு நாள் எடுக்க மாட்டீர்கள் என்றால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவுங்கள். தேங்காய் எண்ணெய் நாளாக ஆகக் காறிப்போய்ப் பிசுபிசுக்கும். விமானத்தில் போகும்போது இரண்டு கத்தியும் கைப்பையில் கூடாது, பெட்டியில் போட்டு ஒப்படைத்துவிடுங்கள்.

கழித்த பிளேடு

பிளேடு கத்திக்காரர் கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. தயவுசெய்து பழைய பிளேடைத் தாளில் சுற்றிக் குப்பையில் போடாதீர்கள். அந்தப் பையைப் பிரித்துக் கையால் தரம் பிரிக்கிறவர் நம் தெருத் தூய்மைப் பணியாளர். ஒரு பழைய பால் பவுடர் டின்னின் மூடியில் கத்தியால் மெல்லிய கீறல் ஒன்று போடுங்கள், அகலம் பிளேடு நுழையும் அளவு போதும். மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டு, கழித்த பிளேடையெல்லாம் அதற்குள் நழுவ விடுங்கள். பாதி பிளேடு அவ்வளவு சின்னது, ஒரு டின் நிறைய வருடக்கணக்கில் ஆகும். நிறைந்ததும் கீறலையும் டேப்பால் அடைத்து, மேலே பெரிய எழுத்தில் 'பிளேடு' என்று எழுதி, குப்பை வண்டி வரும்போது கையில் கொடுத்துச் சொல்லிவிடுங்கள்.